பழைய ஜீப்பும் புதிய வர்ணமும்

வன்னிப் பகுதியிலிருந்து வாசக சகோதரி ஒருவர் எமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டமையால் அவற்றைத் தவிர்த்து, விஷயத்தை மாத்திரம் இங்கே தருகிறோம்.

அவருடைய கணவர் இளைப்பாறிய ஆசிரியர். பிரதான வீதியிலிருந்து ஏழு கிலோமீற்றர் உள்ளே, வயலும் தோட்டமுமாகக் குடியிருக்கிறார்கள். வழியில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது, பாலம் கிடையாது. கோடையில் அது வெறும் மணற்படுகை. மாரியில் மேலேயுள்ள குளம் வான் பாயத் தொடங்கிவிட்டால் முழங்காலளவு நீர் ஓடும். சென்ற மாரியில் ஒரு நாள் நள்ளிரவில் அவருடைய மாமியாருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. முச்சக்கரவண்டிக்காரர் ஆற்றைக் கடந்து வர இயலாதென்று கையை விரித்துவிட்டார். அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில், தறப்பாளைப் போர்த்து, நனைய நனையக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம். தெய்வாதீனமாக அந்த முதியவள் பிழைத்துக்கொண்டார்.

அந்த இரவின் பின்னர் ஆசிரியருக்கு ஒரே எண்ணம்: நமக்கென்று ஒரு ஜீப் வேண்டும். பணிக்கொடைப் பணத்தில் மீதியாயிருப்பதை எடுத்து வாங்கிவிடுவதென்று தீர்மானித்து, ஒரு வண்டியைப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். முன்னர் வேட்டைக்காரர் சிலர் வைத்திருந்த வண்டியாம். புதிதாகப் பச்சை வர்ணம் பூசி, பெரிய டயர்கள் பூட்டி, பார்ப்பதற்குக் கம்பீரமாக நிற்கிறதாம். “காட்டிலே ஓடிய வண்டிக்கு உங்கள் ஒழுங்கை ஒரு பொருட்டா, ஐயா?” என்று விற்பவர் கேட்டாராம். அந்தக் கேள்வியிலேயே ஆசிரியர் மனம் பறிகொடுத்துவிட்டார் போலும்.

“இருக்கும் பணமெல்லாம் இதிலே போய்விடும். நான் தடுக்கவா, சம்மதிக்கவா?” என்று சகோதரி கேட்கிறார்.

குடும்பப் பகுதியிலே இயந்திர விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். ஆயின், ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கக்கூடிய பொருள், நோயாளியை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் ஆற்றைக் கடக்கவேண்டிய பொருள், ஆண்களின் பேச்சுக்கு மாத்திரம் உரியதன்று. ஆகவே, எமக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

முதற் கேள்வி

எந்த ஜீப்பை வாங்குவது என்பதற்கு முன்னர், ஜீப் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வீட்டிலே ஒரு நாட்காட்டியை எடுத்து, கடந்த இரண்டு மூன்று வருடங்களில் சாதாரண வண்டி வரமுடியாமற்போன நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வருடத்தில் பத்து நாட்களே வழி மோசமென்றால், அந்தப் பத்து நாட்களுக்கு அயலவரின் உழவு இயந்திரமும், மீதி நாட்களுக்கு ஒரு சிறிய வண்டியுமே போதுமானவை. ஐப்பசியிலிருந்து தை வரை வழி சேறாகவே கிடக்கிறதென்றால், நான்கு சில்லுகளுக்கும் எஞ்சினின் வலு செல்லும் வண்டி ஆடம்பரமன்று, அவசியம்.

இன்னொன்றையும் கருதவேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில் நாட்டிலிருந்த பழைய வண்டிகள் ஒவ்வொன்றும் பொன்னாக மதிக்கப்பட்டன. துருப்பிடித்துக் கொட்டிலில் கிடந்தவைகூடத் தூசி தட்டி, வர்ணம் பூசிச் சந்தைக்கு வந்தன. எனவே, பளபளப்பைக் கண்டதும் ஒருபடி பின்வாங்கி நிற்பதே விவேகம்.

எந்த இனம்?

ஜீப் என்ற பெயர் இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. அமெரிக்காவில் 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைப் படைக்காகச் செய்தன. 1944இல் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகம் கண்டிக்கு வந்தபோது, இலங்கை வீதிகளுக்கும் அவ்வண்டி பழக்கமாயிற்று. போருக்குப் பின் இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் பொறியியலாளரான மோரிஸ் வில்க்ஸ் தமது பண்ணையில் ஒரு பழைய படை ஜீப்பை வைத்து வேலை வாங்கினார். அதைப் பார்த்தே லாண்ட் ரோவர் உருவாயிற்று. 1948ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாக வெளிவந்தது. அக்காலத்தில் உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு. ஆதலால், உடலை அலுமினியக் கலப்புலோகத் தகட்டாலும், அடிச்சட்டத்தை உருக்காலும் செய்தார்கள். இந்த ஒரு விவரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் பயன்படும்.

யப்பானில் மிட்சுபிஷி நிறுவனம் 1953 முதல் 1998 வரை ஜீப் செய்தது. டொயோட்டாவின் லாண்ட் குறூசர் 40 வரிசை 1960இல் வந்தது. சுசுகி நிறுவனம் 1970இல் 360 சீசீ எஞ்சினுடன் சிறிய ஜிம்னியை வெளியிட்டது; 1981இல் அதனினும் வலுக்கூடிய எஸ்.ஜே. 410 வந்தது.

இவற்றுள் எது சிறந்தது என்று எம்மைக் கேட்டால், “உங்கள் ஊர் மெக்கானிக்குக்குத் தெரிந்தது எதுவோ அது” என்றே சொல்வோம். இது விளையாட்டுப் பேச்சன்று. எத்தனை உயர்ந்த வண்டியானாலும் ஒருநாள் பழுதுபடும். அன்றைக்கு அதன் உதிரிப்பாகம் வவுனியாவில் கிடைக்குமா, அல்லது கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டுமா, அங்கும் இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டுமா என்பதே கேள்வி. அருமையான வண்டி பாகமில்லாமல் மூன்று மாதம் முற்றத்தில் நின்றால், அது வண்டியன்று, கோழிக்கூடு. வாங்குவதற்கு முன்னரே மெக்கானிக்கிடம் போய், கிளச் தட்டு, பிறேக் சிலிண்டர், தண்ணீர்ப் பம்பு ஆகிய மூன்றும் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் தயங்காமற் பதில் சொல்லும் வண்டியே உங்களுக்குரிய வண்டி.

வேட்டைக்குப் போன வண்டி

சகோதரியின் கணவர் பார்த்த வண்டி வேட்டைக்காரர் வைத்திருந்தது என்பதைச் சிறப்பாக விற்பவர் சொல்லியிருக்கிறார். எமக்கோ அதுவே முதல் எச்சரிக்கையாகத் தோன்றுகிறது.

வேட்டைக்குப் போகும் வண்டி எப்படி ஓடும்? இரவில், பாதையில்லாத இடத்தில், மரக்குற்றிகளின்மேலும் கறையான் புற்றுகளின்மேலும் ஏறி இறங்கும். அடிப்பாகம் கல்லிலே மோதும். சேற்றில் புதைந்தால் எஞ்சினை அலற வைத்து வெளியே இழுப்பார்கள். பின்னாலே சுமை. மறுநாள் கழுவுகிறவர் யார்? மேலே வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். கீழே அப்பிய சேறு அப்படியே காய்ந்து இறுகிவிடும். ஒரு வைத்தியரோ, நில அளவையாளரோ பகலிலே பாதை பார்த்து ஓட்டிய வண்டி இருபது வருடத்தில் அடையும் தேய்மானத்தை, இது ஐந்து வருடத்தில் அடைந்துவிடும். “காட்டில் ஓடியது” என்பது வலிமைக்குச் சாட்சியன்று. உழைத்து ஓய்ந்ததற்கே சாட்சி.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. எமது நாட்டில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பலமுறை திருத்திக் கடுமையாக்கப்பட்டுமிருக்கிறது. மான், மரை முதலியவற்றை வேட்டையாடுவது குற்றம். அத்தகைய வழக்கிலே சிக்கும் வண்டி அரசுடைமையாதலும் உண்டு. ஆகவே, வேட்டை வண்டி என்று பெருமை பேசுகிறவரிடம், இதன்மேல் வழக்கேதும் இருந்ததா என்று நேரிலே கேட்டுவிடுவது நல்லது. பதிலைவிட அவருடைய முகமே அதிகம் சொல்லும்.

கீழே குனிந்து பாருங்கள்

இனி வண்டியைப் பரிசோதிக்கும் முறை. இதற்குப் பழைய உடுப்பு ஒன்று, ரோச் லைற் ஒன்று, சிறிய சுத்தியல் ஒன்று, திருப்புளி ஒன்று, கிழிந்த சீலைத்துண்டு ஒன்று ஆகிய ஐந்தும் போதும். காலை நேரத்தில், மழையில்லாத நாளிற் போங்கள். மழைநீர் படிந்த வர்ணம் எல்லாக் குறையையும் மறைக்கும்.

முதலிற் பார்க்கவேண்டியது எஞ்சின் அன்று, அடிச்சட்டம். மெக்கானிக்மார் ‘செசி’ என்பார்களே, அது. எஞ்சின் பழுதானால் வேறு எஞ்சின் போடலாம். கியர்ப் பெட்டியையும் மாற்றலாம். அடிச்சட்டம் உக்கிப்போனால் வண்டியே இல்லை. முன்னர் கூறிய விவரத்தை இங்கே நினைவுகூர வேண்டும்: லாண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலப்பு, சட்டம் உருக்கு. உடல் உருக்கைப்போல் துருப்பிடிப்பதில்லையாதலால், ஐம்பது வருடத்தின் பின்னும் வெளியே அழகாகவே நிற்கும். கீழே சட்டம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருக்கும். அந்தச் சட்டம் பெட்டிபோல் உட்கூடானது. உள்ளே நுழைந்த சேறும் நீரும் வெளியேற வழியின்றித் தங்கி, உள்ளேயே துருவை வளர்க்கும்.

வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு சட்டத்தை நீளவாட்டில் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இரும்பு மொத்தென்று, ஓட்டைப் பானைபோல் ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். ஸ்பிறிங் சட்டத்தோடு பொருந்துமிடங்கள், பின் குறுக்குச் சட்டம் ஆகியவற்றை இரண்டுமுறை பாருங்கள். தடித்த கறுப்புத் தார் புதிதாகப் பூசியிருந்தால், அதைப் பாதுகாப்பென்று எண்ணாதீர்கள்; எதை மறைக்கிறதென்று கேளுங்கள். கடற்கரையிலே வள்ளம் இழுத்த வண்டி, வலை ஏற்றிய வண்டி என்றால் இன்னும் இருமடங்கு கவனம் வேண்டும். உப்பு நீர் இரும்புக்கு நஞ்சு.

எஞ்சினின் வாக்குமூலம்

நீங்கள் வருமுன் எஞ்சினை இயக்க வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் எஞ்சின் மூடியிலே கையை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால், குளிரிலே கிளம்ப மறுக்கும் எஞ்சினை உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

குளிர்ந்த எஞ்சினில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். பால்கோப்பி நிறத்திற் கொழகொழவென்று படிந்திருந்தால் ஒயிலில் தண்ணீர் கலக்கிறது, பெருஞ்செலவு காத்திருக்கிறது. ரேடியேற்றர் மூடியையும் குளிர்ந்த நிலையிலேதான் திறக்கவேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். அந்த நீரிலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அதே நோய்தான்.

பின்பு எஞ்சினை இயக்கிப் புகையைப் பாருங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் ஒயில் எரிகிறது, உள்ளே தேய்ந்துவிட்டது. கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும், பெரும்பாலும் திருத்தக்கூடியது. சூடான பின்னரும் வெண்புகை ஆவிபோல் எழுந்துகொண்டேயிருந்தால், தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். டீசல் எஞ்சின் காலையிற் சிறிது நேரம் வெண்புகை விடுவது இயல்பு. அதற்குப் பயப்படத் தேவையில்லை.

ஆற்றைக் கடந்த வண்டிகளுக்கு மற்றுமொரு மறைவான நோயுண்டு. ஓடிச் சூடேறிய அச்சுப் பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கிய காற்றின் இடத்தை நிரப்பத் தண்ணீர் தேய்ந்த சீலினூடாக உள்ளே இழுக்கப்படுகிறது. அந்நீர் கியர் ஒயிலோடு கலந்து பற்சக்கரங்களை மெல்ல மெல்லத் தின்றுவிடும். மெக்கானிக்கைக் கொண்டு முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒயில் அளவு பார்க்கும் ஆணியைக் கழற்றச் சொல்லி, ஒரு துளியை வெள்ளைச் சீலையிலே தொட்டுப் பாருங்கள். தேன் நிறமோ கருநிறமோ ஆனால் குறையில்லை. பால் கலந்ததுபோல் இருந்தால் நீர் புகுந்துவிட்டது. இரும்புத்தூள் மினுங்கினால் பற்கள் தேய்கின்றன. விற்பவர் ஆணியைக் கழற்றவிட மறுத்தால், நன்றி கூறிவிட்டு வீடு திரும்புங்கள்.

நான்கு சில்லும் இழுக்கிறதா?

ஜீப்புக்கு அதிக விலை கொடுப்பது நான்கு சில்லுகளும் இழுக்கும் என்பதற்காகத்தானே! ஆனால், எம் ஊரில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில் முன் சில்லுகளுக்கு வலு செல்வதேயில்லை. பழுதான பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின் சில்லோடு மாத்திரம் ஓட்டுகிறார்கள். அத்தகைய வண்டி சேற்றிலே சாதாரண வானைவிட மேலானதன்று.

இதைத் தார் வீதியில் பரிசோதிக்கக்கூடாது. பழைய ஜீப்புகளில் நான்கு சில்லையும் இணைத்தபின் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்திற் சுழலும். வளைவிலோ முன் சில்லு அதிக தூரம் ஓடவேண்டியிருக்கும். மணலிலும் சேற்றிலும் சில்லு வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். காய்ந்த தார் வீதியில் வழுக்க இடமின்றிப் பற்சக்கரங்கள் முறுகும். ஆகையால், மணற்பாங்கான இடத்துக்குக் கொண்டுபோய், முன் சில்லின் நடுவே பூட்டு இருந்தால் அதைப் பூட்டி, நான்கு சில்லையும் இணைத்து, மெல்ல ஓட்டச் சொல்லி, நீங்கள் வெளியே நின்று பாருங்கள். முன் சில்லும் மண்ணை வாரி எறிகிறதா? அதுவே அத்தாட்சி.

பின்பு சரிவான இடத்திலே, வலுக்கூடிய தாழ்ந்த கியரில் இறங்கவிட்டு, காலை மிதியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கியர்க் கோல் தானாகத் துள்ளி வெளியே வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. நோயாளியோடு ஆற்றங்கரைச் சரிவில் இறங்கும்போது அது துள்ளினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

முன் சில்லொன்றை ஜக் வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் திருத்தவேண்டும். டயர்கள் நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அளவு வேறுபட்டால் நான்கு சில்லு இணைப்புக்குக் கேடு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். பூ ஆழமாயிருந்தாலும் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் வெடிக்கத் தயாராயிருக்கும் டயர்தான்.

பத்திரங்கள்

வண்டி தேறினாலும் பத்திரம் தேறாவிட்டால் வாங்கலாகாது. பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிற் பொறித்துள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கம் பொறித்த இடத்தில் வெல்டிங் செய்த அடையாளமோ, அராவிய அடையாளமோ கண்டால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். இரண்டு வண்டிகளை வெட்டி ஒன்றாக ஒட்டியவையும் சந்தையிலே உலாவுகின்றன.

சான்றிதழில் பதிவு உரிமையாளர் பெயரோடு நிதி நிறுவனம் ஒன்றின் பெயரும் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கையில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். “திறந்த பத்திரம் இருக்கிறது, பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்வார்கள். யாரோ எப்போதோ ஒப்பமிட்ட கடதாசியை நம்பி வாங்கிய வண்டி, அந்த ஒப்பக்காரர் இறந்துபோனாலோ மறுத்தாலோ உங்களுடையதன்று. வருடாந்த வரிப் பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று ஆகியன காலங்கடந்து கிடந்தால், எத்தனை வருடமாகக் கிடக்கின்றன என்று பாருங்கள். வண்டி எவ்வளவு காலம் கொட்டிலில் கிடந்ததென்பதை அவை சொல்லிவிடும்.

எமது அனுபவம்

இவ்வளவையும் நாம் புத்தகத்திலே படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்னர், நண்பர் ஒருவர் பழைய ஜீப் வாங்கப் போனபோது நாமும் கூடவே போனோம். எஞ்சின் இனிமையாகப் பாடிற்று. இருக்கைகள் புதியவை. “கீழே பார்க்க வேண்டாமா?” என்று நண்பரின் மனைவி வாசலில் நின்று கேட்டார். “உங்களுக்கென்ன தெரியும், அக்கா?” என்று சிரித்தவர் நாம்தான்.

மூன்று மாதங்களின் பின் ஒரு மழைநாளில் நண்பரின் தாயாரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகையில், பின் ஸ்பிறிங்கைத் தாங்கிய இடம் அடிச்சட்டத்தோடு பிய்ந்து வந்தது. வண்டி ஒருபக்கம் சரிந்து கிறவல் வீதியின் நடுவே உட்கார்ந்துவிட்டது. உடைந்த இடத்தைப் பார்த்தோம். வெளியே நல்ல கறுப்புத் தார். உள்ளே விரலால் நசுக்கத்தக்க துருத்தூள். வேறு வண்டி வந்து சேர நான்கு மணித்தியாலம் ஆயிற்று. தாயார் பிழைத்தார். ஆனால், அந்த நான்கு மணித்தியாலமும் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு எம்மை ஒரு வார்த்தை குறை சொல்லாமலிருந்த அந்த அக்காவின் மௌனத்தை நாம் இன்றுவரை மறக்கவில்லை.

சகோதரிக்கு எமது பதில்

தடுக்கவும் வேண்டாம், இப்போதே சம்மதிக்கவும் வேண்டாம். உங்கள் கணவரின் நோக்கம் நல்லது. அந்த இரவிலே தாயார் நனைந்ததை அவரால் மறக்க முடியவில்லை. அந்த மனத்துயரே ஜீப் உருவத்தில் வந்து நிற்கிறது. அதை ஏளனம் செய்யாதீர்கள். ஆனால், மூன்று நிபந்தனைகளை வைப்பீர்களாக.

முதலாவது, விற்பவருக்கு உறவோ நட்போ இல்லாத ஒரு மெக்கானிக்கை, கூலி கொடுத்து, உங்கள் செலவிலே அழைத்துச் செல்லவேண்டும். இலவசமாகப் பார்ப்பவருக்கு எந்தப் பக்கத்திலிருந்து கூலி வருமென்று தெரியாது.

இரண்டாவது, கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுக்கலாகாது. ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைத்துவிட்டே பேரம் பேசவேண்டும். பழைய வண்டி எதுவானாலும் வாங்கிய முதல் மாதத்திலே டயர், பிறேக், பற்றரி என்று கேட்கும். ஒயில்கள் அனைத்தையும் அன்றே மாற்றியாக வேண்டும். அதற்குப் பணமில்லாதவர் அந்த வண்டியை வாங்கும் நிலையில் இல்லை.

மூன்றாவது, நீங்களும் கூடவே போகவேண்டும். பின் இருக்கையில் ஏறி இருந்து பாருங்கள். முதியவர் ஏற முடியாத உயரமா? படுக்கவைக்க இடமுண்டா? மழைச்சாரல் உள்ளே வருமா? இவற்றை ஆண்கள் கேட்கமாட்டார்கள். இந்த வண்டி எதற்காக வாங்கப்படுகிறதோ, அதற்கு இவையே முதன்மையான கேள்விகள்.

வாங்கிய பின்பு ஓர் எச்சரிக்கை. ஜீப் படகன்று. ஓடும் வெள்ளத்தின் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. அடியிலிருந்த பாதை அரித்துப் போயிருப்பதும் வெளியே தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது எமது நாட்டு வீதிகளும் பாலங்களும் பட்ட பாட்டை அனைவரும் கண்டோம். சில்லின் நடுப்பகுதிக்கு மேல் நீர் ஓடுமானால் நின்றுவிடுங்கள். அவ்வாறே, வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறாத இடங்களுண்டு. நான்கு சில்லும் இழுக்கிறதே என்று அறியாத காட்டுப் பாதையில் இறங்கிவிடாமல், எல்லோரும் ஓடும் தடத்திலேயே ஓடுங்கள். அந்தியின் பின் யானை நடமாடும் இடத்தில் அவசரம் வேண்டாம்.

அந்தப் பச்சை ஜீப்பைப் பொறுத்தவரை, அதன் அடியிலே படுத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்தபின் எமக்கு எழுதுங்கள். கணீரென்று ஒலித்தால், வேட்டைக்காரர் வைத்திருந்தாலும் பாதகமில்லை. விலையைக் குறைத்துப் பேசலாம். மொத்தென்று ஒலித்தால், வர்ணத்தின் அழகை மெச்சிவிட்டு வந்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. ஒரு மாதம் பொறுத்தால் வேறொரு வண்டி கிடைக்கும். போன பணிக்கொடை திரும்பக் கிடைக்காது.